பர்மா தேக்கும் ஒரு டிரங்குப் பெட்டியும்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்காது. மாடியறையின் மரத்தரை அதற்கு இடம் கொடுத்ததில்லை. மேலே தரையாக இருந்ததுதான் கீழே கூடத்துக்குக் கூரை. மாடியில் யாராவது ஒரு காலை எடுத்து வைத்தால் 'கிறீச்', மறு காலை வைத்தால் 'கொய்ங்'. கூடத்தில் கட்சிக்காரர்களோடு வழக்குப் பேசிக்கொண்டிருக்கும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். கட்சிக்காரர்களும் மரியாதைக்காக அண்ணாந்து பார்ப்பார்கள். சத்தத்தை வைத்தே மேலே நடப்பது யார், எந்தப் பக்கம் போகிறார் என்று நான் சொல்லிவிடுவேன். எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே பாண்டித்தியம் அது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரீட்சை வைக்காதது என் துரதிர்ஷ்டம்.

அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாயிற்று. மாடியறை அவர்களுக்கு என்று ஒழித்துக் கொடுத்தார்கள். சித்தி செங்கல்பட்டுப் பெண். வந்த மறுநாள் காலை, ஜன்னலிலிருந்து தெப்பக்குளம் தெரியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்தப் பக்கம் நாலு அடி வைத்தாள். கிறீச், கொய்ங், கிறீச், கொய்ங். கீழே அப்பா கனைத்தார். அவருக்குத் தொண்டையில் என்னவோ, கனைத்தார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு சித்தி மாடிக்குப் போனால் போட்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். குளத்தைப் பார்க்கவேயில்லை. பலகைகளுக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. மேலே பேசினால் பேச்சும் கூடத்தில் இறங்கும். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் எல்லார் எதிரிலும் பேசிக்கொள்கிற வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் கிடையாது. ஆக, வாசலில் போகிற தயிர்க்காரியைக்கூடப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்துப் பேசும் சித்தப்பா, வாயில் கொழுக்கட்டையோடு நடமாடினார். இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டே விட்டார். நான் அப்போது அடுக்களையில் வேறு விஷயமாக, அதாவது முறுக்கு விஷயமாக, இருந்தேன்.

அதிலிருந்து அம்மாவுக்குத் திடீரென்று தூசி பிரச்னையாகிவிட்டது. "மேலேருந்து மண்ணாக் கொட்டறது. கட்சிக்காராளுக்குக் குடுக்கற காப்பியில விழுந்தா உங்களுக்குன்னா அவமானம்" என்று அப்பாவைக் காலையும் மாலையும் துளைத்தெடுத்தாள். நான் எத்தனையோ டம்ளர்களை எட்டிப் பார்த்தேன். தூசி தென்படவில்லை. ஆனாலும் சாட்சி சொல்லப் போகவில்லை. முறுக்கு டின் அம்மாவின் வசம் இருந்தது.

அப்பா இறங்கி வந்தார். பழைய தரையைப் பிரித்தால் கூடத்துக்குக் கூரை போய்விடும். அதனால் அதன் மேலேயே புதுப் பலகை போடுவதென்று முடிவாயிற்று. சூளை மரக்கடையிலிருந்து பர்மா தேக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. கூடவே ஆசாரியும் வந்தார். முதல் நாள் மாடியறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சாமி இது, ஒவ்வொரு பலகையும் ஒரு பாட்டு பாடிக்கினு கீது!"

"இனிமே பாடக்கூடாது. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கு" என்றார் சித்தப்பா.

"வாயைத் தச்சுடறேன் சாமி, கவலைய வுடு."

தைக்கத்தான் செய்தார். ஆடுகிற பழைய பலகைகளை அடியிலிருந்த சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்தார். தலைதூக்கி நின்ற பழைய ஆணிகளை உள்ளே இறக்கினார். மேடான இடங்களை இழைத்தார். ரசமட்டத்தை அங்கங்கே வைத்து, அதற்குள் ஓடும் குமிழியை எனக்கும் காட்டினார். அதன் மேல் கோணிச் சாக்கைப் பரப்பி, பழைய பலகை ஓடும் திசைக்குக் குறுக்காகப் புதுப் பலகைகளை, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் காடிக்குள் நுழையும்படி, தட்டித் தட்டிச் சேர்த்தார். கடைசியில் மெழுகு போட்டுத் தேய்த்தார். அந்த வழவழப்பைப் பார்த்ததும் நான் பிறவி எடுத்த பயன் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சாக்குத் துண்டின் மேல் உட்கார்ந்து உந்தினால் சுவருக்குச் சுவர் வழுக்கிக்கொண்டு போகலாம்.

வேலை முடிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் சித்தியின் அப்பா வருவதாக இருந்தது, ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக. ஆசாரி கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"தரை ஒசந்து பூட்ச்சு சாமி. கதவு அடில புடிக்குது. கயட்டி இழைக்கணும், அதுக்கு இன்னொரு ஆள் வோணும். சாயங்காலம் இட்டாந்து செஞ்சு தரேன். அதுக்குள்ள இறுகிக்கிச்சின்னா, வளையத்தைப் புட்ச்சி மேல தூக்கு. தானா வந்துடும்."

சித்தப்பா என் கண்ணெதிரே இரண்டு தரம் சாத்தி, தூக்கி, திறந்து காட்டினார். "பேஷ்" என்றார் ஆசாரி.

சாப்பாடு முடிந்து அப்பா தூங்கப் போனார். சித்தி பெட்டி கட்ட மாடிக்கு வந்தாள். நான் சாக்குமேல் என் பிரயாணங்களில் இருந்தேன். அவள் டிரங்குப் பெட்டியில் புடவைகள், சந்தனப் பேழை, முகம் பார்க்கும் கண்ணாடி, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பாச்சி என்று எல்லாவற்றையும் அடுக்கினாள். அலமாரி காலியாகிவிட்டது.

"ஒரு மாசத்துக்கு இத்தனை எதுக்கு சித்தி?"

"இருக்கட்டும்டா" என்றாள். பெட்டியைப் பூட்டி, அறை நடுவில் இழுத்து வைத்தாள்.

பெட்டியைச் சுற்றி வளைந்து போகலாம் என்று நான் போட்ட திட்டம் பலிக்கவில்லை. சாக்கு ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். என் பின்புறம் மோதிய வேகத்தில் கதவு மடேரென்று சாத்திக்கொண்டது. இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. கத்தினேன். இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் குதித்தேன். கீழே ஒருத்தரும் அசையவில்லை. ஆசாரி அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் ஒரு குதி குதித்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கனைப்பு வரவில்லை. இன்னொரு குதி. அப்புறம் ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு. சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. "ஐயோ, குளம் எத்தனை பெரிசுடா!" என்றாள், நான்தான் அதை வெட்டினது போல.

வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. "யாரு உள்ளே?"

சித்தி சட்டென்று நின்றாள். "நான்தான்" என்றாள், மெல்ல.

எனக்கு அப்போதுதான் ஆசாரி சொன்னது ஞாபகம் வந்தது. "சித்தப்பா, வளையத்தைத் தூக்கித் தள்ளுங்கோ!" என்று அலறினேன்.

"தூக்கிப் பாத்துட்டேண்டா. அசைய மாட்டேங்கறது."

வளையம் கிணுங்கிய சத்தமே எனக்குக் கேட்கவில்லை. "சித்தி, நீ இந்தப் பக்கம் தூக்கேன்" என்றேன். அவள் இரண்டு விரலால் வளையத்தைத் தொட்டாள். "முடியலையேடா" என்றாள். தினம் விடிகாலையில் கிணற்றடியிலிருந்து தவலைத் தண்ணீரை இடுப்பில் தூக்கி வருகிறவள் அவள்.

சித்தப்பா வெளியே படியில் உட்கார்ந்தார். சித்தி உள்ளே கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். உருப்படியாக எதையாவது பேசினார்களா என்றால், இல்லை. சித்தியின் ஊர்க் கிணற்றில் தண்ணீர் உப்பா? எங்கள் வீட்டுச் சாம்பாரில் காரம் அதிகமா? அவளுக்குக் கத்திரிக்காய் பிடிக்காதாமே! வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் அதுதான்.

"சொல்லியிருக்கப்படாதோ?"

"எங்க சொல்றது? சொன்னா கூடத்துல எல்லாருக்கும் கேக்குமே."

"எனக்கும் பிடிக்காது" என்றார் சித்தப்பா. பச்சைப் பொய். முதல் நாள் ராத்திரிதான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பசி வந்துவிட்டது. அந்த நேரத்தில் மாடிப்படி கிறீச்சிட்டது. படிக்கு ஆசாரி தேக்கு போடவில்லையே. அம்மாவின் காலடிதான், எனக்குத் தெரியாதா? பாதிப் படி வரைக்கும் வந்தது. நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக, கீழே இறங்கிப் போயிற்று. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற தாயை நான் அன்றுதான் கண்டேன், அதாவது கேட்டேன்.

பொழுது சாயும் வேளையில் ஆசாரி வந்தார். ஒற்றைக் கையால் வளையத்தைத் தூக்கினார். கதவு திறந்தது. "இன்னா சாமி, சொல்லிக்கினுதானே போனேன்!" என்றார்.

"அடடா, மறந்தே போச்சு" என்றார் சித்தப்பா. தூக்கிப் பார்த்ததாகச் சொன்னீர்களே என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு பெப்பர்மின்ட் விழுந்தது. என் குடும்பம் ஒரு கதவைத் தூக்கத் துப்பில்லாத குடும்பம் என்று அந்த இனிப்போடு சேர்த்து மென்று விழுங்கினேன்.

மறுநாள் சித்தியின் அப்பா வந்தார். சாப்பிட்டார். சித்தி எல்லாரையும் நமஸ்கரித்துவிட்டு, ஒரு சின்னத் துணிப்பையோடு குதிரைவண்டியில் ஏறினாள். "பெட்டி எங்கேம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "இங்கேயே இருக்கட்டும்பா" என்றாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா வாசல் தூணிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

நான் சாக்கை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நட்ட நடுவில் அந்த டிரங்குப் பெட்டி! தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. ஒரு மாசம் கழித்து இங்கேதானே வரப்போகிறாள், கையோடு எடுத்துக்கொண்டு போனால் என்ன? சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார். நகர்த்தவில்லை, அதன் மேல் உட்கார்ந்து சிரித்தார். அந்த ஆடி முழுக்க என்னால் சுவருக்குச் சுவர் வழுக்க முடியவில்லை. அப்படி ஓர் அநியாயத்தைப் பார்த்து அந்த வீட்டில் ஒருத்தராவது வருத்தப்பட வேண்டுமே, ம்ஹும்.