மச்சானுக்கு ஒரு லிட்டர்: தங்காக், தம்போய், காஹாங்

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது, எங்கே என்ன தின்றேன், எவ்வளவு பெட்ரோல் போட்டேன், எந்தக் கழிவறை சுத்தமாக இருந்தது என்பதைத்தான். இதுவும் அந்த வகைதான். போன மாதம் ஒரு சனிக்கிழமை தங்காக்கிலிருந்து தம்போய்க்குப் போனேன். செக் நாட்டு முறையில் லாகர் பீர் தயாரிக்கும் ஒரு சின்ன ஆலை அங்கே இருக்கிறது. அங்கே ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு காஹாங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே சிக்கல், அந்தப் பீரைக் குடிக்க வேண்டியவர் இறந்து எட்டு நாளாகியிருந்தது.

அவர் குணா. என் தங்கை பரமுவின் கணவர். வாரம் முழுக்கத் தம்போயில் வாடகை அறையில் தங்கி, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருவார். குளிரூட்டும் இயந்திரம் பழுதுபார்ப்பது தொழில். வெள்ளிக்கிழமை மாலை அறை வாசலில் நிற்கும் தன் பழைய காரை, எங்கள் பேச்சில் காடியை, எடுத்துக்கொண்டு காஹாங்குக்கு வீடு திரும்புவார். ஐந்து வருடத்துக்கு முன் இந்தப் பீர் ஆலையில் குளிரூட்டி கெட்டுப்போக, சரிபார்க்கப் போனவர் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தார். அன்றோடு எங்கள் குடும்ப விருந்துகளின் நிம்மதி போனது. அதுவரை எந்த டின்னைக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்த மனிதர், கல்யாண வீட்டில் டின்னைத் தள்ளிவைத்துவிட்டு, "நுரை இல்லாத பீரு என்ன பீரு மச்சான்?" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவர் இருக்கும் மேசைக்கு ஆள் சேராது. நானும் நழுவியிருக்கிறேன். திரைச்சீலைத் துணி விற்கிற எனக்கே பேச்சு ஜாஸ்தி என்பார்கள். என்னையே ஓடவிட்டவர் அவர் ஒருவர்தான்.

பரமுவுக்குப் பீர் வாடை ஆகாது. இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றி, "இந்த வாடையோட இனிமே என் வாசப்படிய மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை குணா ஆலையில் ஒரு கிளாஸ் குடித்தார். வாடை போகட்டும் என்று வெளியே காரில் சாய்ந்து படுத்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பத்து நான்கு வயது. மறுநாள் காலையில்தான் பார்த்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள் படையலுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்கத்தான் பரமுவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அவரு குடிக்கிற அந்தப் பீரு வேணும்."

"காஹாங் கடையிலேயே டின்னு விக்கிதே பரமு. அது போதாதா?"

"அதுக்கு அவரு வரமாட்டாரு. வாசப்படிய மிதிக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன். அதான் காடியிலேயே உக்காந்துட்டாரு. இப்ப நானே கூப்பிட்டா வருவாரான்னு தெரியலண்ணே. அவரோட பீரு இருந்தா ஒருவேளை வருவாரோ என்னமோ."

வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

காலை 8.15க்குக் கிளம்பினேன். தங்காக்கிலிருந்து தம்போய் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், டோல் சுமார் இருபது ரிங்கிட். ஐஸ் போட்டுப் பீர் கொண்டுபோக, சந்தையில் மீன்காரரிடம் மீன் அடுக்கிவைக்கும் வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி ஒன்றை ஐந்து ரிங்கிட்டுக்குப் பேரம் பேசி வாங்கியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பத்துக் கிலோமீட்டருக்குள் கார் முழுக்கக் கெளுத்தி வாடை. வழியில் மச்சாப் ஓய்விடத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ஆறு ரிங்கிட் ஐம்பது காசு. சம்பல் பரவாயில்லை. கழிவறை நன்று.

தம்போயில் ஆலையைக் கண்டுபிடிப்பது சிரமம். பெயர்ப்பலகை உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கம் காருக்குச் சாயம் அடிக்கும் பட்டறை, மறுபக்கம் டயர் கடை. இரண்டுக்கும் நடுவே இழுவைக் கதவு போட்ட ஒரு கிடங்கு. வாகனம் நிறுத்தும் இடம் நிறைந்து கிடந்தது. மரநிழலில் ஒரே ஒரு இடம் மட்டும் காலி. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டே காரை அதில் செருகினேன்.

இறங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் கை வீசிக்கொண்டே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கறுப்பு ஏப்ரன். "அங்கிள், அங்க வேணாம் அங்கிள். மாத்திப் போடுங்க."

"ஏன்மா, யாருக்காச்சும் எடுத்து வெச்சிருக்கா?"

"அங்க யாரும் போடுறதில்ல. போன வாரம் எங்க கஸ்டமர் ஒருத்தரு..." என்றவள் என் முகம் மாறியதைப் பார்த்தாள், பக்கத்து இருக்கையில் இருந்த மீன்பெட்டியைப் பார்த்தாள். "நீங்க குணா அண்ணன் வீட்டு ஆளா?"

நான் காரை டயர் கடை முன்னால் வெயிலில் கொண்டுபோய் விட்டேன்.

அவள் பெயர் லோகா. பீர் ஊற்றுவது அவள் வேலை. குணா என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவர் அண்ணன், நான் அங்கிள். இந்த அநியாயத்தை வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன்.

பகல் பன்னிரண்டுக்குத்தான் கடை திறப்பார்கள். உள்ளே ஆறு மேசைகள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எஃகுத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காய்ச்சிய பீர் அவற்றுக்குள் ஆறு வாரத்துக்கு மேல் குளிரில் கிடக்க வேண்டுமாம். அந்தக் குளிர்தான் குணாவின் கைவேலை. அவர் சரிசெய்த இயந்திரம் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் இறந்த பிறகும் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றாள் லோகா. எனக்கு அதன் மேல் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

குழாயில் மூன்று வகை: பொன்னிறம், செம்பழுப்பு, கறுப்பு. சின்னக் கிளாஸ் பதினாறு ரிங்கிட், அரை லிட்டர் இருபத்து நான்கு. வண்டி ஓட்டுகிறவன் என்பதால் பொன்னிறத்தில் சின்னது ஒன்று மட்டும் வாங்கினேன், கூடவே நெத்திலி போட்ட வேர்க்கடலை, பத்து ரிங்கிட். லோகா கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடு சாய்த்து, முதலில் வெறும் நுரையை இறக்கினாள். பிறகு அந்த நுரைக்கு அடியில் பீரை விட்டாள். மேலே மூன்று விரல் உயரத்துக்கு நுரை நின்றது. இழுத்து ஆற்றிய தே தாரேக் டீயின் நுரை மாதிரிப் பொரபொரப்பு இல்லை. ஈரமாக, கெட்டியாக, தயிர் ஆடை மாதிரி.

"என்னம்மா, பதினாறு ரிங்கிட்டுக்குப் பாதி நுரையா?"

"குணா அண்ணனும் மொத நாள் இதையேதான் கேட்டாரு! இந்த நுரதான் அங்கிள் மூடி. காத்துப் படாம பீரக் காப்பாத்தும். மொதல்ல நுரையில வாய வைங்க."

வைத்தேன். முதலில் லேசான இனிப்பு, பிறகு சுட்ட ரொட்டி ஓரத்தின் வாசம், கடைசியில் ஒரு கசப்பு. பாகற்காய்க் கசப்பு இல்லை. இன்னொரு வாய் கேட்கிற கசப்பு. ஐந்து வருடமாக அந்த மனிதர் மேசை மேசையாகத் துரத்திச் சொன்னது இதைத்தானா? அன்றைக்கே ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்று தனியாகக் குடித்திருக்க வேண்டாம்.

"கிளாஸப் பாருங்க" என்றாள். உள்பக்கத்தில், நான் குடித்த உயரத்தில், ஒரு வெள்ளை வளையம் ஒட்டியிருந்தது. "ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையம் விழும். எத்தன வாயில முடிச்சோம்னு எண்ணிச் சொல்லிடலாம். குடிக்காம சும்மா வெச்சீங்கன்னா, வளையம் விழாது. நுர மட்டும் உக்காந்துடும். கால் மணி நேரத்துல மூணு விரல் எறங்கிடும். அதுக்குத்தான் சொல்றேன், பேசிக்கிட்டே இருக்காதீங்க, குடிங்க."

நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொன்னதும் அவள் துணியால் மேசையைத் துடைத்தாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழம ஒரே ஒரு கிளாஸ்தான் அங்கிள். முடிச்சிட்டு ஏலக்கா மென்னுக்கிட்டே போயி காடியில படுத்துக்குவாரு. வாடை போனாத்தான் வீட்டுல விடுவாங்கன்னு சிரிப்பாரு. அன்னைக்குக் கட மூடிட்டு, அவரு காடியத் தாண்டித்தான் நான் போனேன். கண்ணாடியத் தட்டலாமான்னு தோணுச்சு. வாரம் பூரா வேல செஞ்ச மனுசன், தூங்கட்டும்னு விட்டுட்டேன்." குரல் இறங்கியது. "தட்டியிருக்கலாம்."

நான் வேர்க்கடலையிலிருந்து நெத்திலியைத் தனியே பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு லிட்டர் டின்னில் பீரை நிறைத்து, இயந்திரத்தில் வைத்து மூடிக் கொடுத்தாள். நாற்பத்தைந்து ரிங்கிட். காசு வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டாள். "ஓசியில குடுத்தா அண்ணனுக்குப் புடிக்காது." ஆனால் குணா குடிக்கும் கைப்பிடி வைத்த கிளாஸைக் காகிதத்தில் சுற்றித் தந்தாள். திருப்பித் தர வேண்டாம், டின்னிலிருந்து என்றால் உயரத்திலிருந்து ஊற்றினால்தான் நுரை வரும் என்றாள். என் மீன்பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அலமாக்! இதுலயா?" என்று தன்னுடைய பெட்டியையும் ஐஸையும் கொடுத்தாள்.

குடித்தது தெளியட்டும் என்று மூன்று மணிவரை அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்பினேன். தம்போயிலிருந்து சிம்பாங் ரெங்கம், குளுவாங் வழியாகக் காஹாங் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். குளுவாங்கில் நெரிசல், அதன் பிறகு மழை. இரண்டு பக்கமும் எண்ணெய்க்குப் போடும் செம்பனைத் தோட்டம் மட்டும்தான். யானை குறுக்கே வரும் என்ற எச்சரிக்கைப் பலகையைத் தாண்டியபோதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் இந்தச் சாலையில்தான் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார், வாய் நிறைய ஏலக்காயோடு.

5.50க்கு வீடு சேர்ந்தேன். ஏழு மணிக்குப் படையல். முன்னறையில் குணாவின் படம், விளக்கு, வாழை இலை. கோழி வறுவல், நெத்திலிச் சம்பல், கருவாடு, ஒரு பாக்கெட் சிகரெட். ஆளாளுக்குக் கொண்டுவந்த கறுப்புப் பீர் டின்கள் ஒரு கோட்டைச் சுவர் மாதிரி நின்றன. நான் கிளாஸை அலசி, லோகா சொன்னபடி உயரத்திலிருந்து ஊற்றினேன். நுரை விளிம்பில் வந்து நின்றது.

"என்ன தம்பி இது, சோப்புத் தண்ணியா? என் தம்பிக்கு நுரையா படைக்கிற?" என்றார் சரோஜா அக்கா. குணாவின் மூத்த சகோதரி. என்னை எப்போதும் உதவாக்கரைக் கணக்கில் வைத்திருப்பவர்.

"அவருக்கு இப்படித்தான்க்கா புடிக்கும்."

"ஒனக்கு ரொம்பத் தெரியும்!" என்றவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த குணாவின் சட்டைப் பையில் கிடைத்த ஏலக்காய்களைக் கொண்டுவந்து கிளாஸ் பக்கத்தில் வைத்தார். பரமு குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முந்தானையில் முடிந்தாள்.

"இது வேணாங்க்கா. வாடையோடயே வரட்டும்."

கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே கார் நிறுத்தும் கொட்டகையில் நின்றோம். இறந்தவர் வந்து சாப்பிடும் நேரம். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பரமு மட்டும் கதவில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மழை நின்று, கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. லோகா சொன்ன கால் மணி நேரம் போனது. பரமு எழுந்து கதவை மூன்று முறை தட்டினாள். திறந்தாள்.

கிளாஸில் மூன்று விரல் குறைந்திருந்தது.

முதலில் பார்த்தது சரோஜா அக்காதான். "வந்துட்டான்! என் தம்பி வந்து குடிச்சிட்டான்!" என்று அவர் அலறியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெண்கள் அழுதார்கள். ஆண்கள் கைகூப்பினார்கள். நான் மட்டும் குனிந்து கிளாஸின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வளையம் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது பரமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்கதானே ஊத்தினீங்க? நெறயத்தானே ஊத்தினீங்க?"

வாழ்நாள் முழுக்க எந்த ரகசியத்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் வைத்திருக்காதவன் நான்.

"விளிம்பு வரைக்கும் ஊத்தினேன் பரமு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இலைமுன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. "கசக்குது. இதுக்கா இவ்வளவு பேச்சுப் பேசினாரு?" என்றாள். பிறகு கோழியைப் பிட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். எட்டு நாளில் அவள் சோற்றில் கைவைத்தது அப்போதுதான் என்று சரோஜா அக்கா என் காதில் சொன்னார்.

பரமு இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. நான் எழுதுவதில் பாதி பொய் என்பது அவள் கட்சி. படிக்கிறவர்கள் யாரும் அவளிடம் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆலையின் முகவரியைக் கேட்டு எழுதினால் தனியாகச் சொல்கிறேன். சனி, ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். மற்ற நாளில் மாலை ஐந்துக்கு. திரும்பி வரும்போது வண்டி ஓட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குப் பீர் கிடையாது. மரநிழலில் காலியாக ஓர் இடம் இருக்கும், அங்கே நிறுத்த வேண்டாம். குடித்துவிட்டு யாராவது காரில் தூங்கிக்கொண்டிருந்தால் கண்ணாடியைத் தட்டுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. மீன்பெட்டி வேண்டாம்.

டின்னில் வாங்கிப்போகிறவர்கள் குளிர் போகாமல் அன்றே திறந்துவிடுங்கள். கிளாஸை ஈரமாக்கிக்கொள்ளுங்கள். படையலுக்கென்று வாங்கினால், யார் என்ன சொன்னாலும் சரி, நுரை நிறைய ஊற்றுங்கள்.