ஓடாத வண்டியில் ஒரு பாடம்

என் மச்சினனைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எடுத்த எடுப்பில் எரிச்சல்தான் வருகிறது. பரவாயில்லை, எரிச்சலோடே எழுதுகிறேன். எரிச்சல் இல்லாமல் எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதின மாதிரி ஆகிவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் எனக்குப் படிப்பு. லாரி ஷெட்டில் வண்டி கழுவப் போனவன், கழுவுகிற சாக்கில் சீட்டில் ஏறி உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமலே ஓட்டக் கற்றுக்கொண்டவன். இன்றைக்கு என் பெயரில் டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது. எங்கள் மெயின் ரோட்டில் நின்று பாருங்கள், போகிற கார்களில் பாதிக்கு மேல் என்னிடம் பழகினவர்கள் ஓட்டுகிற கார். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் எல்லாரும் என்னிடம் திட்டு வாங்கிக் கிளட்ச் பிடித்தவர்கள்தான். என்னிடம் படித்து டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றவர் என்று ஒருவரைக் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

மச்சினன், என் வீட்டுக்காரியின் கடைசித் தம்பி. குடும்பத்தில் எல்லாருக்கும் அவன் சின்னவன். நாற்பது தாண்டியும் சின்னவன்தான். அக்கா புருஷன் என்பதால் என்னை மாமா என்பான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் ஒரு கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் தனியாக இருக்கிறான். ஸ்கூல் காரை அந்த அறைக்குக் கீழேதான் நிறுத்துவோம். பழகுகிறவர்கள் நேராக அங்கே போய்விடுவார்கள். அவன்தான் அவர்களுக்கு மாஸ்டர்.

நல்ல மாஸ்டர், அதையும் சொல்ல வேண்டும். நான் கத்துவேன், அவன் கத்தமாட்டான். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே மாடோ லாரியோ வந்தால் சத்தமில்லாமல் அதை அமுக்கிவிட்டு, "நல்லா நிறுத்தினீங்க" என்பான். பழகுகிறவர் தானே நிறுத்தினதாக நினைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் பெருமையடிப்பார். அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுச் சேர்ந்தவர்கள் நிறைய. என் பெயரைச் சொல்லியும் சேர்ந்தார்கள், அது வேறு.

இப்படி இருந்தவன் திடீரென்று ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. குடியோ என்று பார்த்தேன், அந்தப் பழக்கமே கிடையாது. காதலோ என்றால் அதற்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம். ஒரு காரணமாவது சொல்லித் தொலையேன்டா என்று கெஞ்சினேன். "காரணம் இருந்தா சொல்லமாட்டேனா மாமா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் அக்கா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மனச்சோர்வு என்றார். சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போகவேண்டாமா? இவன் தூங்கத் தூங்க அல்லவா அது வளர்ந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சில நாள் இறங்கி வந்தான், சில நாள் வரவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டி மைதானத்தில் ஓட வைத்தேன். அறைக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு சொந்தக்காரரைக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அந்த மனிதர் கீழே இறங்கி வரும்போது அவர் முகமே தொங்கிப் போயிருந்தது.

ஒருநாள் அக்காவிடம், "தூங்கினா அப்படியே எழுந்திருக்காம இருந்தா தேவலை" என்று சொல்லிவிட்டான். அவள் அன்றைக்கே அவனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அதோடு அவன் அறைச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து, கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு திரிந்தாள். காலையில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கதவு இன்றைக்குத் திறந்ததா?

இந்தச் சமயத்தில்தான் ஜெராக்ஸ் அம்மா வந்து சேர்ந்தார். ஆபீஸ்கள் இருக்கிற தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். சின்னவனைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவராக வரவில்லை, மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அம்மா கடையை மூடிவிட்டு வீட்டிலேயே கிடக்கிறார், டாக்டர் பார்க்கிறார், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு நாலு இடம் போய் வந்தால் தெளிந்துவிடுவார் என்று மகள் சொன்னாள். என்னிடம் விட்டுவிட்டீர்கள் அல்லவா, கவலையை மறந்துவிடுங்கள் என்றேன். முதல் நாள் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு சத்தம் போட்டேன், அதற்கே அந்த அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டார். எனக்கு இதெல்லாம் ஆகாது. சின்னவனிடம் தள்ளிவிட்டேன்.

அவன் கதவு திறக்காத நாளில் மற்றவர்கள் நேராக என் ஆபீசுக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். ஜெராக்ஸ் அம்மா மட்டும் வரவே இல்லை. சரி, பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு அந்த நாட்களில் கதவு வேறு அடிக்கடி திறந்தது. ஓட வைத்ததும் பெயின்ட் அடித்ததும் வேலை செய்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வண்டியைப் பார்த்தால் ஒரு கணக்கும் ஒத்துவரவில்லை. பெட்ரோல் முள் போன வாரம் இருந்த இடத்திலேயே நின்றது. அப்படியிருக்கும்போது சின்னவன் போன் பண்ணி, பேட்டரி உட்கார்ந்துவிட்டது என்கிறான். புதுப் பேட்டரி! ஓடுகிற வண்டியில் பேட்டரி எப்படி உட்காரும்?

ஆபீசில் இருந்த இன்னொரு பேட்டரியை எடுத்துக்கொண்டு போனேன். தெரு முனையில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் என் வண்டியை அங்கேயே விட்டு, பேட்டரியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்த வயதில் அதைத் தூக்கி நடக்கிறவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். ஸ்கூல் கார் சுவரைப் பார்த்து நின்றது. ரேடியோ கம்மிப் போய்க் கரகரத்தது. கண்ணாடி இறக்கியிருந்தது. ஸ்டியரிங்கில் ஜெராக்ஸ் அம்மா, பக்கத்தில் சின்னவன், வீட்டில் படுத்திருந்த கசங்கின சட்டையோடு. நான் பின்னால் வந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"பல்லு வெளக்கலை தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார் அந்த அம்மா.

"நான் வெளக்கி ரெண்டு நாள் ஆச்சுக்கா. கண்ணாடிதான் இறக்கியிருக்குல்ல."

இதுதான் பாடம்! கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என்னைப் பற்றின பேச்சு வந்துவிட்டது.

"எங்க மாமா இருக்காரே, வந்து நின்னதுமே ஆரம்பிச்சுடுவார். உன் வயசுல நான் லாரி கழுவினேன்னு. படுத்துக் கிடக்கறவனுக்கு லாரி கழுவின கதை எதுக்குக்கா?"

"முழுசா சொல்லி முடிப்பாரா?"

"முடிப்பாராவது."

"அப்ப லாரி இன்னும் அழுக்காத்தான் இருக்கும்."

சின்னவன் சிரித்தான். சும்மா பல்லைக் காட்டவில்லை, தோள் குலுங்கச் சிரித்தான். நான் எவ்வளவு பாடுபட்டு ஒரு சிரிப்பை வரவழைக்கப் பார்த்தேன். என்னை வைத்தே சிரிக்கிறான் பாருங்கள்.

பேட்டரி கையில் கனத்தது. கீழே வைத்தால் சத்தம் கேட்கும். ஏன் வைக்காமல் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மகள் தினமும் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே எவ்வளவு அழகாக இருக்கிறது பாரம்மா என்று சொல்வாளாம். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் என்ன அழகு என்று அந்த அம்மா கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"கஷ்டமெல்லாம் கதவைத் திறக்கற வரைக்கும்தான் தம்பி. திறந்துட்டா அப்புறம் என்னவோ நகருது."

"நீங்க கீழ வந்து கியரை டொக் டொக்னு ஆட்டறது மேல கேட்கும்க்கா. மாமா தட்டினா போர்வையை இழுத்துப்பேன். இது கேட்டா, யாரோ நமக்காகக் காத்திருக்காங்கன்னு இறங்கிடறேன்."

"நான் உங்களை இறக்க வரலை. வீட்ல இருக்க முடியலைன்னு வந்தேன்."

"அதான் இறங்கறேன்."

அந்தப் பழைய காருக்குக் கதவுப் பூட்டு வேலை செய்யாது. திருடனே வேண்டாம் என்று விட்டுப் போகிற வண்டி. மேலே கதவு மூடியிருக்கும்போது ஜெராக்ஸ் அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சின் போடாமல் கியரை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு இவன் சாவியோடு இறங்கி வந்து ரேடியோ போட்டிருக்கிறான். என் புதுப் பேட்டரி செத்தது இப்படித்தான்.

கனைத்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்வதற்கு என் ஸ்கூல் எதற்கம்மா, பார்க்கில் பெஞ்ச் இருக்கிறதே என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை.

"பெஞ்ச்ல உட்கார்ந்தா போறவங்க வர்றவங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்கறாங்க. எல் போர்டு மாட்டின வண்டியில உட்கார்ந்தா, ஏதோ கத்துக்கறாங்கன்னு விட்டுடறாங்க."

எத்தனையோ பேரை எதிர்த்துப் பேசி வாயை அடைத்தவன் நான். அன்றைக்குப் பேட்டரியை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரியிடம் கொட்டித் தீர்த்தேன். பெட்ரோல் முள், பேட்டரி, பல் விளக்காத மாஸ்டர் எல்லாம் சொன்னேன். அவள் காதில் ஒன்றுதான் விழுந்தது. சத்தமாகச் சிரித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படிச் சிரித்தான் என்றாள். லாரி ஜோக்கைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். பிறகு சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பேட்டரியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கிடையில் மகள் என் உயிரை எடுத்தாள். அம்மா சேர்ந்து எத்தனை காலமாகிவிட்டது, லைசென்ஸ் எப்போது என்று போனுக்கு மேல் போன். என் ஸ்கூலின் பெயர் என்னாவது? டெஸ்டுக்கு நாள் வாங்கிவிட்டேன். சின்னவன் வேண்டாம் என்றான்.

"அவங்க இன்னும் கொஞ்ச நாள் வரட்டும் மாமா."

"இது ஸ்கூலா, சத்திரமா?"

டெஸ்ட் என்று சொன்னபோது ஜெராக்ஸ் அம்மா சரி என்று தலையாட்டினார். நாள் போட்டது நான்தான். அது என் தொழில்.

டெஸ்ட் அன்றைக்குக் காலையில் மைதானத்தில் போய் நின்றேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வேறு மூன்று பேர் என் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வண்டி வரவில்லை. மறுபடியும் கதவு மூடிவிட்டதா என்று பயந்து வீட்டுக்காரிக்குப் போன் பண்ணினேன். அவள் மாற்றுச் சாவியோடு ஓடினாள். அறை திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை, காரும் இல்லை என்று அழுதாள். அப்புறம் நான் போன் பண்ணப் பண்ண அவன் எடுக்கவே இல்லை. கடைசியில் எடுத்தான்.

"ஜெராக்ஸ் அக்கா வரலை மாமா. அவங்க வீட்டு வாசல்ல இருக்கேன்" என்றான். வைத்துவிட்டான். வீட்டுக்காரியிடம் ஆள் பத்திரம் என்று சொல்லிவிட்டு, அடித்துப் பிடித்துக்கொண்டு வாடகை வண்டியில் போனேன். ஸ்கூல் கார் அந்த வீட்டு கேட்டை ஒட்டி நின்றது. மாஸ்டர் சீட்டில் சின்னவன், தலை சீவி, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிற சீட்டு காலி. கை மட்டும் கியரை ஆட்டிக்கொண்டிருந்தது. வாசலில் மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அம்மா நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். டாக்டரிடம் பேசியாகிவிட்டது, சாயங்காலம் கூட்டி வரச் சொன்னாராம்.

போய்த் தட்டுடா என்றேன். தட்டமாட்டேன் என்றான். அங்கே அதிகாரி காத்திருக்கிறார், மூன்று பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று கரடியாகக் கத்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நாள் கழித்து அவன் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இருக்கறதுன்னா பின்னாடி ஏறி உட்காருங்க மாமா. ஆனா பேசாதீங்க."

என்னிடம்! என் வண்டியில்! இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் பின் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். டொக், டொக் என்று அவன் ஆட்டிக்கொண்டே இருந்தான். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது லாரி கழுவுவதைவிடப் பெரிய வேலை.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஜெராக்ஸ் அம்மா வீட்டுச் செருப்போடு வந்தார். தலை கலைந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இவரும் வராரா?"

"வரட்டும்க்கா. பேசமாட்டார்."

"அவரால முடியுமா?"

"பார்க்கலாம்."

டெஸ்டைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அந்த அம்மா வண்டியை எடுத்தார். கேட்டில் உரசிக்கொண்டு போனது, ஒரு கோடு விழுந்திருக்கும். மைதானத்துக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் நேராகப் போனார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கைத் தொடவில்லை. கடைத்தெரு வந்தது, போனது. வண்டி இன்னும் இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது கியர் கேட்டு எஞ்சின் அலறியது. எந்தக் கழுதையின் காதிலும் விழும் அது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.