அது அவருடைய பல் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

நான் பாரிஸில், ரூ லூயி-பிளாங்கில், விமானச் சீட்டுப் பதியும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கிருந்து லா சப்பல் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குடியிருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட போர்த்துக்கீசப் பெண்மணி இப்போது அங்கேதான் இருக்கிறார். எனக்கு பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாத காலத்தில் என் கையைப் பிடித்து வைத்தியரிடம் கூட்டிப் போனவர் அவர். அதனால் ஞாயிறுகளில் வேலை முடிந்ததும், லெ பிளாங்-மெனிலில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்ப முன்னர், அவரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

கெட்ட இடம் என்று சொல்ல முடியாது. கீழே பெரிய சாப்பாட்டுக் கூடம், சன்னலோரம் செடிகள், பின்னேரங்களில் சீட்டாட்டம், கிழமைக்கு ஒருநாள் பாட்டு. எல்லோரும் ஒரே குடும்பம் என்று வாசலில் வண்ண எழுத்தில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.

அன்று அந்தப் போர்த்துக்கீசத் தோழிக்குத் தடிமனும் இருமலும். கூடத்துக்கு இறங்கவில்லை. மேலே அவருடைய அறைக்குப் போய்க் கதைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சொற்கள் குழறின. ஆனால் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இல்லை, இல்லை.

யார் அது என்று கேட்டேன். உங்கள் நாட்டுக்காரிதான், பாவம் என்றார் தோழி. அந்த அம்மா கோடைக்கு முன்னர் வந்தவராம். முதலில் கூடத்தில் இவருடைய மேசையில்தான் சாப்பிடுவாராம். பக்கவாதம் வந்ததோடு பிரெஞ்சு எல்லாம் மறந்துபோனதால் கதைக்க மாட்டார், ஆனால் சிரிப்பாராம். பிறகு சாப்பாட்டைத் துப்பத் தொடங்கினார், கத்தினார். மற்றவர்கள் முறையிட்டதால் இப்போது கீழே கொண்டுவருவதில்லை. செத்துப்போன புருஷன் அறையில் நிற்பது போல அவருக்குத் தெரிகிறதாம், அதற்கு மருந்து கொடுக்கிறார்களாம்.

"அது எப்படித் தெரியும்?" என்றேன்.

"நாள் முழுக்க அதைத்தானே சொல்கிறாள். இல் ஏ, இல் ஏ என்று."

பிரெஞ்சில் 'இல் ஏ' என்றால் 'அவர் இருக்கிறார்'. அந்த அம்மா தமிழில் சொன்ன 'இல்லை'தான் இவர்கள் காதில் அப்படி விழுந்திருக்கிறது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது.

கட்டிலில் மெலிந்த ஒரு அம்மா. மருந்து மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது. மடியில் விரித்திருந்த துணியில் துப்பிய சாப்பாடும் ஒரு செட் பொய்ப்பல்லும் கிடந்தன. அம்மா, என்ன செய்யுது என்று தமிழில் கேட்டதும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"பிள்ளை, இது என்ரை பல்லில்லை. வேறை ஆற்றையோ பல்லைக் கொண்டுவந்து என்ரை வாயிலை வைக்கினம். சொல்லுறன், சொல்லுறன், ஒருத்தரும் கேக்கினமில்லை."

காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் அதைப் பிடிக்க முடிந்தது. பிறகு அவரே வாயைத் திறந்து காட்டினார். பல் ஈறு முழுக்கப் புண். ஓரிடத்தில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. தினமும் மூன்று வேளை அந்த வாய்க்குள் கரண்டியை விட்டிருக்கிறார்கள்.

அன்று பொறுப்பாக இருந்த தாதியைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் குடும்பத்தவர் இல்லை, நோயாளியைப் பற்றி என்னோடு கதைக்க முடியாது, திங்கட்கிழமை இயக்குநர் வருவார் என்றார். பல் மாறியிருக்கவே முடியாது, ஒவ்வொருவருடைய பல்லும் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் இருக்கிறது என்றார்.

பெட்டியில் பெயர் இருக்கிறது, பல்லில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மறுபடியும் திங்கட்கிழமை என்றார். திங்கட்கிழமை வரை நான் இந்தக் கதவடியிலேயே நிற்கிறேன், வேண்டுமானால் பொலிஸைக் கூப்பிடுங்கள் என்றேன். நான் சாதாரணமாகக் கடையில்கூடக் குரல் உயர்த்தாதவள். அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சத்தம் கேட்டு என் தோழி இருமிக்கொண்டே, நடைவண்டியைப் பிடித்தபடி வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். தன் மேசையில் இருக்கும் பழைய பள்ளி ஆசிரியை ஒருவர் பல கிழமைகளாக சூப் மட்டும்தான் குடிக்கிறார், பல் கழன்று கழன்று விழுகிறது என்கிறார், வயதானால் தாடை சுருங்கும் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்றார். நேரே போய் அந்த ஆசிரியையின் கதவைத் தட்டியதும் தோழிதான். ஆசிரியை தன் வாயிலிருந்த பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து, சந்தோஷமாகவே கொடுத்தார்.

தாதிக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை நன்றாகக் கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா கையில் வாங்கித் தானே வாய்க்குள் வைத்தார். நாக்கால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "இது என்ரை."

பிறகு அழத் தொடங்கினார். சிரிப்பார் என்று நினைத்த எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

தாதியின் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்க வேண்டாம், அவரிடம் கேளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன் என்றேன். அவர் கட்டிலின் பக்கம் திரும்பி, நடந்ததற்கு வருந்துவதாகவும், ஆனால் அம்மாவும் கொஞ்சம் விளங்கும்படி சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டனில் இருந்த அந்த அம்மாவின் மகளுக்குத் தாதியைக்கொண்டே தொலைபேசி எடுப்பித்துக் கதைத்தேன். அம்மாவின் புத்தி பிசகவில்லை, பல்தான் மாறிப்போனது என்றேன்.

"நான் அவையிட்டைக் கேட்டனான் அக்கா, அம்மா என்ன சொல்லுறா எண்டு. அப்பாவோடை கதைக்கிறா எண்டிச்சினம். போனிலை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நானும் நம்பிப்போட்டன்" என்றார்.

அடுத்த நாளே ரயில் ஏறி வந்துவிட்டார். இரண்டு பேருமாக இயக்குநரைப் பார்க்கப் போனோம். காப்பி கொடுத்தார். ஆள் பற்றாக்குறை, வேலைப் பளு என்று விளக்கினார். அதெல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். இனிமேல் பல்லிலேயே பெயர் பொறிப்போம் என்றார். வெளியே இறங்கினால் தெரு முழுக்கத் தமிழர்தானே, மரக்கறிக் கடையில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் ஒளிக்கவில்லை. "அது எங்களுக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

அந்தப் பதில்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியாதது. மருந்து எழுதத் தோன்றியிருக்கிறது. கூடத்திலிருந்து ஒதுக்கத் தோன்றியிருக்கிறது. இறந்துபோன மனிதரை அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தக்கூடத் தோன்றியிருக்கிறது.

வைத்தியர் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். புண் ஆறியதும் அம்மா கூடத்துக்கு இறங்கினார். இப்போது அந்த ஆசிரியையும் அவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஞாயிறுகளில் நான் இரண்டு அறைக்குப் போகிறேன். எங்கேயாவது வயதான ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், மூளை குழம்பிவிட்டது என்று யாராவது சொன்னால், என்னால் இப்போது சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. அவருடைய சொல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டாரா என்றுதான் முதலில் கேட்கிறேன்.