துரையின் மோட்டார் சைக்கிளை வாங்காத கதை

மலாயாவின் அவசரகாலத்தில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசராக இருந்தேன். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. தோட்டம் மூன்று டிவிஷனாகப் பிரிந்திருந்தது; மூன்றுக்கும் மிதிவண்டியில்தான் சுற்று.

உதவி மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர், எங்கள் சின்ன துரைக்குக் கம்பெனி இரும்புத் தகடு அடித்த கார் கொடுத்தது. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் துரைமார்களைக் குறிவைத்துச் சுட்ட காலம் அது. அவருடைய மோட்டார் சைக்கிள் சும்மா நின்றது.

"டிரசர், நீ வாங்கு. இஞ்சின் ரொம்ப நல்லது. ஓட்டிப் பாரு," என்றார். விலையும் கொள்ளை மலிவு.

எனக்கு ஊர் சுற்றும் பைத்தியம் உண்டு. மனைவி சரசுவோ கோலசிலாங்கூரைத் தாண்டியதே இல்லை. அவளைப் பின்னால் உட்கார வைத்து, தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரமாகப் போய், செகிஞ்சானில் மீன் குழம்போடு சோறு தின்று, சபாக் கடந்து பினாங்கு வரைக்கும் மனத்துக்குள் போய்வந்துவிட்டேன். வழியெல்லாம் பச்சை நெல். அவள் முந்தானை காற்றில் என் தோளில் விழுகிறது. மருந்து கலக்கும்போதுகூட அதே நினைப்புதான்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியை எடுத்தேன். கிக்கரை ஒரு உதை. அடடா, என்ன கம்பீரமான சத்தம்! மரங்களுக்கு நடுவே மிதந்துகொண்டே இரண்டாம் டிவிஷனில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். உட்கார்ந்திருந்த பால்மரத் தொழிலாளர்கள் சடாரென்று எழுந்தார்கள். தலைத்துண்டுகள் இறங்கின. அவர்களை மேய்க்கும் மண்டோர் மாரிமுத்து சலாம் போட்டபடி ஓடிவந்தார்.

"அட, நம்ம டிரசரய்யா லா!" என்று ஒரே சிரிப்பு. எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, நாங்க மூஞ்சியப் பாத்தா எந்திரிச்சோம்? சத்தத்தக் கேட்டுத்தானே. எங்களுக்குத் தெரிஞ்ச சத்தம் காட்டுல துப்பாக்கியோட உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாதா?"

"போய்யா பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனாலும் இரண்டு பக்கமும் மரங்களுக்குள் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். தோட்டத்தை விட்டு வெளியேற மூன்று மைல் ரப்பர் மரங்களுக்குள்தான் போயாக வேண்டும்.

வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். சரசு அடுப்படியிலிருந்து ஓடிவந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, தலை குனிந்து நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதானா! நான் துரைன்னுல்ல நெனச்சேன்!"

அவ்வளவுதான். ஒன்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கே நான் வருவது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வண்டியைத் தள்ளிக்கொண்டே துரை பங்களாவுக்குப் போனேன். ஸ்டார்ட் பண்ண மனம் வரவில்லை.

"என்ன டிரசர், சத்தம் நல்லா இல்லையா?"

"சத்தம் நல்லாத்தான் இருக்குங்க துரை. எனக்குத்தான் சரிப்படாது."

 அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி யாரிடமும் அந்த வண்டியை விற்கப் பார்க்கவில்லை.

திரும்பி நடக்கும்போது, பினாங்குப் பயணம் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் செயினைப் பாருங்கள், டயரைப் பாருங்கள். அதில் போனவரை யாராவது தேடுகிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.