எல்லாருக்கும் ஓ பாசிட்டிவ்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த லேப், வெளியிலிருந்து பார்த்தால் ஜோராக இருக்கும். ஏசி, பார்கோடு, ரிசல்ட் வந்ததும் செல்போனுக்கு மெசேஜ். உள்ளே இருந்தவளுக்குத்தான் குமட்டும்.

கம்பெனிகளில் புதிதாகச் சேருபவர்களுக்கு மொத்தமாக ரத்தம் எடுப்போம். சர்க்கரை, கொழுப்பை மெஷின் பார்த்துவிடும். ரத்த வகையை மட்டும் ஒவ்வொருவருக்கும் கையால் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனி ஆட்களுக்கு அதை மேனேஜரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

ஒருநாள் ஒயர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். பெரியபாளையத்துக்காரி, தலைப்பிள்ளை, ஏழு மாதம். டாக்டர் எழுதிய சீட்டில் ரத்த வகைப் பரிசோதனையும் இருந்தது. கம்பெனி கொடுத்துக் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள டேகில் ஓ பாசிட்டிவ் என்றுதான் இருந்தது. இருந்தாலும் பார்த்தேன். கண்ணாடியில் மருந்தோடு கலந்த மூன்று சொட்டு ரத்தத்தில் ஒன்றுகூடத் திரியவில்லை; பாசிட்டிவ் என்றால் ஒன்றாவது திரிந்திருக்கும். மறுபடி பார்த்தேன். ஓ நெகட்டிவ்.

"டேக்குல வேற போட்டுக்கீதே, அக்கா? நீங்க எடுத்த ரத்தந்தான?" என்றாள்.

நெகட்டிவ் தாய்க்குப் பிள்ளை பாசிட்டிவாக இருந்து, ஊசி போடாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. அவள் வேலையில் சேர்ந்தபோது எங்கள் லேப் கொடுத்த ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் தேடினேன். அவளோடு சேர்ந்த அத்தனை பேருக்கும் ஓ பாசிட்டிவ். ரத்த வகைக் கட்டம் காலியாக இருந்தால் ரிப்போர்ட் அச்சாகாது என்று, பக்கத்தைத் திறக்கும்போதே அதில் ஓ பாசிட்டிவ் வருகிற மாதிரி மேனேஜர் செய்து வைத்திருந்தார். ஒரு சொட்டுகூடப் பார்த்ததில்லை. பணம் மட்டும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியாயிற்று.

அவரிடமே போய்க் கேட்டேன். போண்டா தின்றுகொண்டிருந்தார். வாயைத் துடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் புது நம்பர்ல போட்டுக் குடுத்துடு. பழசத் தொடாத. கம்பெனிக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் திருப்பிப் பாக்கச் சொல்லுவான், பேஜாரா பூடும்."

அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பாமல் வேலையை விட்டேன். கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் லேபையே கேட்டார்கள். ரெக்கார்டு சரியாக இருக்கிறது என்று லேப் பதில் சொல்லிவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டாகிவிட்டது. அது ஒன்றுதான் ஆறுதல்.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் எதிரே அதே கம்பெனிப் பெண் ஒருத்தி. மேடிட்ட வயிற்றின்மேல் டேக் ஆடிக்கொண்டிருந்தது. ஓ பாசிட்டிவ். வேறு லேபில் இன்றைக்கே பார்த்துவிடு என்று விவரம் சொல்லிக் கெஞ்சினேன்.

அவள் சிரித்தாள். "கம்ப்யூட்டர்ல வந்தது, அக்கா. அதெப்படித் தப்பாவும்?"