முதுகு பார்க்கும் ஃபிரடி

எந்தப் படமானாலும் ஃபிரடி கவிழ்த்துத்தான் எடுப்பார். சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, தோசையைத் திருப்புகிற மாதிரி ஒரு திருப்பு. பின்பக்க ஆணி துருப்பிடித்திருக்கிறதா, அட்டை எந்தக் காலத்து அட்டை, சட்டம் போட்ட கடைக்காரர் சீட்டு ஒட்டியிருக்கிறாரா, யாராவது பென்சிலால் எதையாவது கிறுக்கியிருக்கிறார்களா என்று முதலில் துருவிப் பார்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான், போனால் போகிறதென்று முன்பக்கம். "முன்னாடி இன்னா வோணா வரைவான். முதுகுல பொய் சொல்லணும்னு எவனுக்கும் தோணாது" என்பார்.

வல்லக்கோட்டை போகும் சாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் உச்சிமாகாளிக்கு இந்தக் கூத்து பழகிப்போய்விட்டது. தொழிற்சாலைகள் கழித்துக் கட்டுகிற நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போடுகிறவர் அவர். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து வருஷக்கணக்காகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு நகரவில்லை. "மொகத்தப் பாக்காம முதுகப் பாத்து வாங்குத ஆளு இந்தச் சீமையிலயே நீரு ஒருத்தர்தான் வே" என்பார். ஆனாலும் கார்ப் படம் ஏதாவது வந்தால் வேறு யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்திருப்பார். கார்ப் படத்தைத் தவிர வேறு எதையும் ஃபிரடி வாங்க மாட்டார் என்பது அந்தச் சாலைக்கே தெரியும்.

பிழைப்புக்கு அவர் செய்வதும் பார்க்கிற வேலைதான். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் சோதனை. வரிசை வரிசையாக டியூப்லைட் எரியும் கூண்டுக்குள் வண்டி மெதுவாக நகர்ந்து வரும். ஃபிரடி தலையைச் சாய்த்து, பானெட்டில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பார்ப்பார். பிம்பம் எங்காவது நெளிந்தால் அங்கே ஒரு தூசு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, தேய்த்து எடுத்து, மறுபடி தலையைச் சாய்ப்பார். இருபது வருஷமாக இதே வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலை இரட்டிப்பாகும். லைனில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் ஆசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். "பொரி திங்கறது அவங்க, பொட்டு தொடைக்கறது நானு" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பார். முதல் நாள் தன் பங்குப் பொரியை வீட்டுக்கு எடுத்துப்போனதைப் பற்றி மூச்சு விட மாட்டார்.

சாய்ந்த தலை வெளியிலும் நிமிராது. கல்யாண வீட்டு வாசலில் பூ அலங்காரத்தோடு நிற்கும் காரைப் பார்த்து, "இந்தக் கதவு அடிபட்டு மறுபடி பெயின்ட் அடிச்சது" என்று மாப்பிள்ளை காதில் விழும்படி சொல்லிவிடுவார். அவர் பெண் பார்க்கப் போன கதையை மனைவி லிசா சொல்லிக் கேட்க வேண்டும். "காபி குடுக்கறேன், மனுசன் தலையை இப்புடிச் சாய்க்கறாரு. எங்கம்மா பயந்துட்டாங்க, பொண்ணுகிட்ட இன்னாடா கொறை கண்டாருன்னு. அப்புறம் பாத்தா, எம் பின்னாடி காலண்டர்ல ஒரு கார் படமாம்!" அந்தக் காலண்டரையும் சீரோடு சேர்த்து அனுப்பிவைத்தார்கள்.

பென்னலூரில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் சுவர் என்ன நிறம் என்று சொல்வது கஷ்டம். "மாதாவுக்கு ஒத்த ஆணி, காருங்களுக்கு ஊர்ப்பட்ட ஆணி" என்று லிசா வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். அத்தனையும் அச்சுப் பிரதிகள். இது ஃபிரடிக்கும் தெரியும். சென்னையில் கார் ஓவியங்களை மட்டும் வாங்கி விற்கும் ராமனிடம் இதுவரை மூன்று படங்களைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மூன்று முறையும் ராமன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, "காபி சாப்பிட்டுட்டுப் போங்க மிஸ்டர் ஃபிரடி" என்றார். அந்த மரியாதைதான் ஃபிரடியை அறுத்தது. ஷிப்ட் பஸ்ஸில் ஆட்கள் அவரை 'போஸ்டர் சார்' என்று கூப்பிடுவதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார்.

போன கோடையில் உச்சிமாகாளி கூப்பிட்டனுப்பினார். ஓரகடத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியின் ஆபீஸ் சாமான்களை எடுத்திருந்தார். அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்த அட்டைக் குழாய்க்குள் சட்டம் போடாத படம் ஒன்று சுருண்டு கிடந்ததாம். ஃபிரடி வழக்கம்போல முதுகைத்தான் முதலில் விரித்தார். ஒன்றுமில்லை, வெள்ளை வெளேர் என்று இருந்தது. அப்புறம் திருப்பினார். மழையில் நனைந்த மலைச்சாலை, வளைவில் ஒரு நீலக் கார். கீழே ஓரத்தில் பென்சிலால் ஓவியர் கையெழுத்து, இன்னொரு ஓரத்தில் 120/120. நூற்றிருபது படம் போட்டதில் இது கடைசிப் படம் என்று அதற்குப் பொருள். லென்ஸை எடுத்துப் பார்த்தார். போஸ்டரில் தெரிகிற புள்ளிகள் எங்குமே இல்லை. மை, கல்யாணப் பத்திரிகை எழுத்துபோல விரலுக்குத் தட்டுப்பட்டது. கையால் எடுத்த ஸ்கிரீன் பிரிண்ட். "அண்ணாச்சி, ஒரு சேர் போடுங்க, உக்காரணும்" என்றார்.

ஒரே ஒரு குறை. நீலக் காரின் பானெட்டில், நட்ட நடுவில், சந்தன வட்டமும் அதற்குள் குங்குமமும். எவனோ படத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறான்! வீட்டுக்கு வந்ததும் ஃபிரடி என்ன செய்வார்? இருபது வருஷமாகக் கை பழகியதைத்தான் செய்தார். பஞ்சை எடுத்துச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாதி போன பிறகுதான் காகிதத்தில் நார் கிளம்புவது தெரிந்தது. தகரம் இல்லையே இது, காகிதமாயிற்றே! பஞ்சைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அரைப் பொட்டு அப்படியே நின்றது.

செல்போனில் படம் எடுத்து அனுப்பியதும் ராமனே போன் செய்தார். காபி பேச்சையே காணோம். "இந்தப் படத்துக்குப் போலி நிறைய சுத்துது சார். ஒரிஜினல் நூத்திருபதையும் ஒரு கம்பெனி மொத்தமா வாங்கி, ஓரகடத்துல தன்னோட ஆளுங்களுக்குக் குடுத்துதுன்னு கேள்வி. நான் பார்த்த மூணுலயும் பின்னாடி வாங்கினவர் பேர் இருந்தது, இனிஷியலோட, பென்சில்ல. உங்களோடது வெறுமையா இருக்கே? அந்தக் கம்பெனியில இருந்த யாராவது இது அங்கதான் இருந்ததுன்னு சொன்னா போதும், அடுத்த மாசக் கண்காட்சியில வெச்சிடலாம். கோயம்புத்தூர்ல ஒருத்தர் காத்துக்கிட்டே இருக்கார்." விலையாக அவர் சொன்ன தொகைக்குப் புது பைக் ஒன்று வாங்கலாம். லிசா அன்றைக்கே வண்டியின் நிறத்தை முடிவு செய்துவிட்டார். ஃபிரடிக்கோ வேறு ஆசை. படத்தின் கீழே ஓர் அட்டை வைப்பார்களாம். 'ஃபிரடி, பென்னலூர், சேகரிப்பிலிருந்து.' அதைப் பஸ்ஸில் வருகிற அத்தனை பேரையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

அந்தக் கம்பெனி ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? மூடியபோது ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஃபிரடி டீக்கடை டீக்கடையாக, பஸ் பஸ்ஸாகச் செல்போனை நீட்டிக்கொண்டு அலைந்தார். கடைசியில் ஆள் கிடைத்தது அவருடைய தொழிற்சாலைக் கேன்டீனிலேயே. மேசை துடைக்கிற அம்சவல்லி, துணியும் கையுமாக அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தார்.

"அய்ய, இது எங்க காராச்சே!"

ஃபிரடி பிசைந்த சோற்றோடு திரும்பினார். "எந்தக் கம்பெனிக்கா?"

"ஓரகடத்துல மூடிட்டாங்களே, காருக்கு சீட்டு தெச்சிகினு இருந்தாங்களே, அதான் சார். அங்கதான் நானு ஹவுஸ்கீப்பிங்ல இருந்தேன். மொத ஆயுத பூஜைக்கு வெள்ளக்கார மேனேஜர் எல்லாருக்கும் இந்தப் படம் எடுத்தாந்தான். பூஜையில மிசினு, ஸ்பேனரு, படம் எல்லாத்தையும் பரத்தி வெச்சாங்க. நாந்தான் பொட்டு வெச்சேன். அத்தினிக்கும்."

ஃபிரடி சோற்றைப் போட்டுவிட்டு வெளியே ஓடி ராமனுக்குப் போன் செய்தார். "நான் பார்த்த மூணுலயும் பானெட்ல லேசா மஞ்சள் கறை இருந்தது சார். பேப்பர் பழசானதுன்னு நெனச்சுட்டேன். அது சந்தனமா! அப்ப உங்க பொட்டுதான் சாட்சி. பாதி இருந்தாலும் போதும். அந்தம்மா சொல்றதை வீடியோ எடுத்து அனுப்புங்க. ஆனா ஒண்ணு, இனிமே அதுல ஒரு தூசு படக் கூடாது, ஒரு கோடு விழக் கூடாது. புதுசா ஏதாவது பட்டா நான் பொறுப்பேத்துக்க முடியாது." பொட்டைத் துடைத்தே சம்பளம் வாங்கியவர், துடைக்காமல் விட்ட பாதிக்காக அன்று கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஃபிரடி மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, படத்தை வைத்தார். கையில் பருத்தி உறை. செல்போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துப் பதிவைத் தட்டினார். அம்சவல்லி வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார். கையில் கோயில் குங்குமப் பொட்டலம். லிசா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, படத்தை நேரில் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது.

"இன்னா சார், பாதியக் காணோம்?"

"நாந்தாங்க்கா தொடைச்சேன். தெரியாம..." ஃபிரடிக்குக் கூசியது. "நீங்க பூஜை அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க."

அம்சவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னார். எல்லாப் படத்துக்கும் பொட்டு வைத்தது, மேனேஜர் மேடையில் நின்று பேர் கூப்பிட்டது, கூப்பிட்டவர் பேரைப் பின்னால் பென்சிலால் எழுதிக் கொடுத்தது.

"உங்க படம் இன்னா ஆச்சுக்கா?" என்று லிசா கேட்டார்.

"எனக்கு எங்க குடுத்தாங்க? நானும் நின்னுகினே இருந்தேன், கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு. எம் பேரு வரவேயில்ல. காண்ட்ராக்டு ஆளுதானே. போயிக் கேட்டேன், படம் தீந்துபோச்சுன்னாங்க. ஆசையாதான் இருந்துச்சு. வூட்டுல மாட்டலாம்னு செவுத்துல எடம்கூடப் பாத்து வெச்சிருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஃபிரடி சிரிக்கவில்லை. அவர் கண் படத்தின் ஓரத்துக்குப் போனது. 120/120. கடைசிப் படம். பேர் எழுதாத முதுகு. தீர்ந்துபோனதாகச் சொன்ன படம் ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால், கம்பெனி மூடும்வரை குழாய்க்குள் கிடந்திருக்கிறது. அம்சவல்லிக்கு இது தெரியாது. லிசாவுக்கும் தெரியாது. அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். வேண்டிய சாட்சி போனில் பதிவாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் அட்டையில் பேர். வாழ்நாளில் அகப்பட்ட ஒரே ஒரு அசல். அவருக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்த அம்மாவுக்கு ஒரு காகிதத்தைக் கொடுக்க மனசு வராதவர்கள்மேலா, டீ குடிக்க வந்த இடத்தில் இதைச் சொல்லித் தொலைத்த அம்மாமேலா?

"சார்" என்று அம்சவல்லி பொட்டலத்தைப் பிரித்தார். "பாதிப் பொட்டோட வுடக் கூடாது சார். நல்லால்ல. முழுசா வெச்சுடட்டுமா?" மோதிரவிரல் குங்குமத்தைத் தொட்டுவிட்டது.

"இருங்க!" என்றார் ஃபிரடி. சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அம்சவல்லி விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஃபிரடி போனை எடுத்துப் பதிவை நிறுத்தினார். படத்தின்மேல் தலையைச் சாய்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இனிஷியல் இன்னாக்கா?"

"எதுக்கு சார்?"

"சொல்லுங்க."

"மு. எங்கப்பா முனுசாமி."

அழுத்தாமல், நிதானமாக, வெள்ளை முதுகின் மேல் மூலையில் எழுதினார். மு. அம்சவல்லி. எழுத்துக்கூட்டிப் படித்த அம்சவல்லி, மேசை துடைக்கிற வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வண்டி?" என்று லிசா மெதுவாகக் கேட்டார். ஃபிரடி படத்தை முன்பக்கம் திருப்பி வைத்தார். சுருண்டு எழும்பிய இரண்டு மூலைகளையும் வெறும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வைங்கக்கா."