நீர்நாய்க்குக் குரல் கொடுத்தவள்

துணி கம்பெனியில் தையல் மெஷின் பழுது பார்க்கிற அவரை எல்லோரும் ‘ரிசல்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை வந்த படத்துக்குத் திங்கட்கிழமை டீ இடைவேளையில் ரிசல்ட் சொல்லிவிடுவார், அதனால். அதிலும் சூப்பர் ஹீரோ படம், மிருகங்கள் பேசுகிற அனிமேஷன் படம் என்றால் மனுஷனுக்கு வாய் ஓயாது.

"முப்பது மாடிக் கட்டடத்தை இடிச்சுத் தள்ளிட்டு அவன் பாட்டுக்குப் பறந்து போயிடறான். கீழ வண்டி நிறுத்தியிருந்தவன் என்ன பாவம் பண்ணான்? யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்பார். பட்டன் தைக்கிற பெண்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்பார்கள். அனிமேஷன் என்றால் கொஞ்சம் இரக்கம் காட்டுவார். "கரடியோட முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையுது. அந்த அக்கறையைக் கதை மேல வச்சிருக்கலாம்."

செத்த ஹீரோ அடுத்த பாகத்தில் திரும்பி வந்தால்தான் அவருக்குச் சுள்ளென்று ஏறும். "போன தடவை செத்தான். நானும் மூக்கைச் சிந்தி அழுதேன். இப்ப வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கறான்! அப்போ என் கண்ணீருக்கு என்னய்யா மரியாதை?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. மனைவி இறந்த பிறகு, செத்தவன் திரும்பி வரும் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறார். பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மனைவிக்கு டப்பிங் வேலை. கதாநாயகிக்கெல்லாம் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அணில், வாத்து, கோபக்காரப் பல்லி, இப்படித்தான் கிடைக்கும். "உன் வாழ்க்கையில மனுஷியா எப்பதான் பேசுவே?" என்று இவர் கிண்டல் செய்வார். "உங்களோட பேசறதே மிருகக்காட்சி சாலையில பேசற மாதிரிதான் இருக்கு" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

பிறகு ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை வந்தது. அம்மா நீர்நாய்க்கு இவள்தான் குரல். படம் சக்கைப்போடு போட்டது. தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "அது நம்ம வீட்டுக்காரம்மா" என்று ரிசல்ட் சொல்லப்போக, அந்த ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இவள் இவர் தொடையைக் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் சிவந்திருந்தது.

இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு நாள்தான் பேசப் போனாள். அன்று காலை தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு, அப்படியே ஸ்டுடியோவுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "கட்டின்னு சொல்றாங்க. பாத்துக்கலாம், நீங்க பயப்படாதீங்க" என்றாள். இவர்தான் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த ஐந்து மாதமும், கடைசி நாள்வரை, வரவேயில்லை. ‘கல் நெஞ்சக்காரி, நம்மை விட்டுப் போறதுக்குக்கூட அவளுக்கு வருத்தமில்லையா’ என்று ஒருநாள் இவருக்குக் கோபம்கூட வந்தது. அப்படி நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது: வீட்டில் அவள் குரலே இல்லை. போனில் குரல் அனுப்பச் சொன்னால், "வேலையிலதான் மைக், வீட்லயுமா?" என்று எழுதித்தான் அனுப்புவாள். படங்களில் இருப்பதோ அணிலும் வாத்தும். அவளுடைய சொந்தக் குரல், ‘ஏங்க’ என்று கூப்பிடுமே அது, எங்குமே இல்லை. எட்டு மாதம் ஆகிவிட்டதே, அது மறந்துவிடுமோ என்று மனுஷனுக்கு ஒரே பயம்.

நீர்நாய் இரண்டாம் பாகம் வருகிற வாரம் ஸ்டுடியோவிலிருந்து சவுண்ட் இன்ஜினியர் கூப்பிட்டார். "அண்ணே, வசனமெல்லாம் வேற ஒருத்தங்க பேசியிருக்காங்க. நம்ம வழக்கம் தெரியுமில்ல, முதல் நாள் சிரிப்பு, இருமல், அழுகை, பெருமூச்சு, இதைத்தான் எடுத்து முடிப்போம். அக்கா அதை முடிச்சிட்டுப் போயிருந்தாங்க. எனக்கு மாத்த மனசு வரல. அதெல்லாம் அவங்களோடதுதான்."

கல்லூரியில் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் காலைக் காட்சிக்கே போனார். அம்மா நீர்நாய் வாயைத் திறந்தது. யாரோ ஒருத்தி பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், பாவம், அவள் மேல் என்ன தப்பு! ஆனாலும் இவருக்கு வயிறு எரிந்தது. நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "அம்மா!" என்று மகள் இவர் கையைப் பிடித்தாள். ஆமாம், அவள்தான். ஆனால் அதுவும் நீர்நாய்ச் சிரிப்பு, மூக்கை அடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சமையலறையில் அவள் பழகிப் பார்த்தபோது ஆயிரம் தடவை கேட்டது.

வெள்ளத்தில் குட்டி அடித்துச் செல்லப்பட்டது. அம்மா நீர்நாய் கரையில் உட்கார்ந்து அழுதது.

ரிசல்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நடிப்பு அழுகை இவருக்கு அத்துப்படி. சன்னமாகத் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, மைக்கில் மூச்சு இடிக்காமல் முகத்தைத் திருப்பி முடிப்பாள். இது அப்படியில்லை. தொண்டையை உடைத்துக்கொண்டு ஒரேயடியாக வந்தது. மூச்சு மைக்கில் டப்பென்று இடித்தது. நீர்நாயும் இல்லை, ஒன்றும் இல்லை. பச்சையாக அவள் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

அவள் ஸ்டுடியோவுக்குப் போனது அந்த ஒரே நாள்தான். ரிப்போர்ட் பைக்குள் இருந்திருக்கும்.

பின் சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் காதோரம் குனிந்தாள். "அம்மா எப்படி நடிச்சிருக்காங்க பாத்தியாப்பா?"

இவர் மகள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஆமாம்மா" என்றார். "நல்லா நடிச்சிருக்கா."